ஆறு பேர் தூக்கிய பெட்டி

பெட்டி தூக்க வந்தவர் என்று நினைத்து வண்டிக்காரன் மாட்டிவிட்ட வெள்ளைக் கையுறையைக் கழற்றி வீசினார் சிப்ரியானோ. தேவாலய வாசலில், சவ வண்டிக்காரன் காலடியில் போய் விழுந்தது.

"என் தம்பி பொட்டியத் தூக்க எனக்கு வேஷம் எதுக்குடா?"

"அத்தான், உங்க பேரே பட்டியல்ல இல்ல," என்றாள் தம்பி மனைவி டெல்ஃபினா. "ஆறு பேரையும் கட்சி ஆபீசுல முடிவு பண்ணிட்டாங்க. உங்க முதுகு தாங்காது."

"அந்தக் கார்வர் முதுகு மட்டும் தாங்குமாக்கும்?"



அந்த டெக்சாஸ் மாவட்டத்திலிருந்து மாநிலச் சட்டசபைக்குப் போன முதல் மெக்சிக்கன், பெட்டிக்குள் கிடக்கும் தம்பி அன்செல்மோ. வெங்காயக் காட்டில் முழ நீளம்கூடப் பிடியில்லாத களைக்கொத்தைத் தடை செய்யச் சொல்லி நாலு தடவை மசோதா கொண்டுபோனான். நாலு தடவையும் மசோதாவை முடக்கியவர் அந்த வெங்காயக் காட்டு முதலாளி கார்வர். அந்தக் கொத்தைப் பிடித்தால் நாள் முழுக்க மடங்கித்தான் கிடக்க வேண்டும். எவன் நிமிர்ந்தாலும் மேஸ்திரிக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாவது தடவை தேறியது. "சட்டம் வந்திருச்சுண்ணே!" என்று பேப்பரோடு ஓடி வந்தான் அன்செல்மோ. "யாருக்குடா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார் சிப்ரியானோ. அதற்குள் கார்வர் காட்டில் கொத்திக் கொத்தி அவர் இடுப்பு மடங்கியது மடங்கியதுதான். பதினோரு வருஷம் தம்பியோடு பேச்சில்லை.

கார்வர் கிட்டே வந்தார். "உன் தம்பி பெரிய மனுசன், அமிகோ. சண்டை இருந்தாலும் எங்களுக்குள்ள மரியாதை இருந்துச்சு."

"நான் உனக்கு அமிகோ இல்ல, சிநேகிதன் இல்ல. உன் மரியாதைய நான் முதுகுல சுமக்கிறேன், பாரு."

டை கட்டிய கட்சிக்காரன் ஒருவனைத் தோளால் இடித்து நகர்த்திவிட்டு, பெட்டியின் முன்பக்கக் கைப்பிடியைப் பற்றினார். எதிர்க் கைப்பிடியில் கார்வர்.

தூக்கினார்கள். ஐந்து பேர் நிமிர்ந்தார்கள். சிப்ரியானோ பக்கம் பெட்டி சரிந்தது. உள்ளே ஏதோ நகர்ந்து மரத்தில் மோதியது.

"பெரியவரே, கொஞ்சம் நிமிருங்க!" என்று பதறினான் வண்டிக்காரன்.

"நிமிர முடிஞ்சா நிமிர மாட்டேனாடா?"

கட்சிக்காரன் மறுபடி கைப்பிடிக்கு வந்தான். டெல்ஃபினா குறுக்கே நின்றாள்.

"அவரு விடமாட்டாரு. நீங்க குனிங்க."

ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கடைசியாகக் கார்வர். பெட்டி சமமானது.

சரளைக்கல் பாதையில் நடந்தார்கள். பாதி தூரத்தில் கார்வருக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் இறக்கி வைக்கலாமா?"

கல்லறைத் தோட்டத்து வேலி தூரத்தில் தெரிந்தது. சிப்ரியானோ அதே நிதானத்தில் நடந்துகொண்டிருந்தார்.