புண்ணில்லாத முதுகு

காலை ஆறு மணிக்கு இடப்பக்கம். மிலூத் ஒரு கையைக் கிழவரின் தோளுக்கடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, "பாபா, திரும்பப் போறோம், பிஸ்மில்லாஹ்" என்று வழக்கம்போலச் சொல்லித் தூக்கியபோதுதான் எடை மாறியிருப்பது தெரிந்தது. உயிருள்ள உடம்பு, எவ்வளவுதான் தளர்ந்து கிடந்தாலும், தூக்குகிறவனுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யும். இது செய்யவில்லை. இருந்தும் பாதியில் விட மனம் வராமல் முழுக்கத் திருப்பினான். முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டை வைத்தான். அதற்குப் பிறகுதான் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான்.

அழுகை வரவில்லை. வந்தது ஒரு பெருமூச்சு. அப்பாடா என்றிருந்தது. பெற்ற தகப்பன் செத்துக் கிடக்கும்போது இப்படியா தோன்றும் என்று தன்னையே ஒருமுறை வைதுகொண்டான். ஆனால் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பதினாறு மாதமாகக் கிழவர் தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

அவன் மனைவி ரகிய்யா, சந்தைக்குக் கொண்டுபோக ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள், மாவுக் கையோடு வந்து வாசலில் நின்றாள்.

"போயிட்டாரா?"

"போயிட்டார்."

"கஷ்டப்பட்டாரா?"

"தூக்கத்துலயே போயிட்டார் போல. முகத்தப் பாரு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள் ரகிய்யா. அதற்குப் பிறகுதான் மரணச் செய்தி கேட்டால் சொல்லவேண்டியதைச் சொன்னாள். வரிசை மாறிப்போனது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"விடு. அவருக்கும் இந்த வரிசைதான் பிடிச்சிருக்கும்," என்றான் மிலூத்.

அஸ்ஃபி துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த மத்தி மீன் டின் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் அவன். மூடிய டின்களை நீராவிக் கொப்பரையில் ஏற்றி, மணி பார்த்து இறக்குகிற வேலை. ஏற்றிய நேரத்தையும் இறக்கவேண்டிய நேரத்தையும் பலகையில் சாக்கட்டியால் எழுதவேண்டும். ஐந்து நிமிடம் முந்தினால் மீன் கெட்டுவிடும், பிந்தினால் குழைந்துவிடும். ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, மீனெல்லாம் தெற்கே போய்விட்டது, அதனால் தொழிற்சாலையும் தெற்கே போகிறது என்றார். மீனுக்குக் குடும்பம் குட்டி கிடையாது, நினைத்த இடத்துக்குப் போகும். மிலூத்துக்கு அப்போது வயது ஐம்பது.

அடுத்த மாதமே தகப்பனார் ஹாஜ் ஜிலாலி பக்கவாதம் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அங்கிருந்த தாதி, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு வெந்துபோகும் என்று சொல்லியிருந்தாள். மணி பார்த்துச் செய்கிற வேலை. மிலூத் கட்டிலுக்கு மேலே சுவரில் சாக்கட்டியால் கட்டம் போட்டான். ஆறு மணி இடம், எட்டு மணி முதுகு, பத்து மணி வலம். அன்றிலிருந்து ஒரு கட்டத்தையும் அவன் காலியாக விட்டதில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மொட்டை மாடியில் அவன் துணி உலர்த்துவதைப் பார்த்த காப்பிக்கடைக்காரர்கள், "மிலூத் வீட்டுல புதுசா வேலைக்காரி சேந்திருக்காளாமே, மீசையெல்லாம் வெச்சிருக்காளாம்" என்றார்கள். அவன் காப்பிக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டான். அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்றே அவனுக்கும் தோன்றியது. வேலை வெட்டி இல்லாதவன், வேறு செய்ய ஒன்றுமில்லாமல் தகப்பனைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதானே?

பத்து மணிக்குக் காஸாபிளாங்காவிலிருந்து அண்ணன் லஹ்சன் வந்து சேர்ந்தான். வந்ததும் தகப்பனார் நெற்றியில் முத்தமிட்டுக் குலுங்கி அழுதான். பத்து நிமிடம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு தம்பியைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"இனிமே உனக்கு இங்க என்னடா இருக்கு? என் கிடங்குக்கு வாட்ச்மேன் வேணும். கேட் பக்கத்துலயே ரூம் இருக்கு. மூணாம் நாள் சாப்பாடு முடிஞ்சதும் என்கூடவே வந்துடு."

"ரகிய்யா?"

"மாசத்துக்கு ஒருதரம் வந்து பாத்துட்டுப் போ. அம்பது வயசு தாண்டினவனுக்கு வேற யாரு வேலை குடுப்பா, சொல்லு."

அண்ணன் சொன்னது சரிதான் என்று மிலூத்துக்கும் பட்டது. அதுதான் அவனை வாட்டியது. இறங்கிய பாரம் இறங்கியதுதான், ஆனால் நாளைக் காலை எழுந்து என்ன செய்வது? அண்ணனுடைய இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் கண்முன் வந்தது. பார்த்துக்கொள்ள எந்த உயிரும் இல்லாத நாற்காலி.

கிழவரின் மையத்தைக் குளிப்பாட்டத் துஹாமி வந்தார். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். ஊரில் ஆண் மையத்து விழுந்தால் உளியைப் போட்டுவிட்டு வந்துவிடுவார், கூலி வாங்கமாட்டார். பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த பலகையில் கிழவரைக் கிடத்தி, இடுப்புக்குத் துணி போர்த்தி, கதவைச் சாத்தினார்கள். துஹாமி குளிப்பாட்ட, மிலூத் பிடித்துக்கொள்ள, லஹ்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றினான்.

வலப்பக்கம் முடிந்து, முதுகைக் கழுவுவதற்காகத் திருப்பியபோது துஹாமியின் கை நின்றது. குனிந்து பார்த்தார். இடுப்பெலும்பைத் தடவினார். குதிகால் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். மிலூத்தும் எட்டிப் பார்த்தான். தன் கண்ணில் படாமல் எங்கேயாவது விட்டுவிட்டோமோ?

"எத்தன மாசமா படுக்கை?"

"பதினாறு மாசம்."

"மையத்துக்கு முன்னால பொய் சொல்லாத."

"சத்தியமாப் பதினாறு மாசம்தான்."

துஹாமி நிமிர்ந்தார். "யாரு பாத்துக்கிட்டது?"

"ஆள் வெச்சிருந்தோம்," என்றான் லஹ்சன், சுவரைப் பார்த்தபடியே. காஸாபிளாங்காவில் எல்லோரிடமும் அவன் சொல்லி வைத்திருந்தது அதுதான்.

"எந்த ஆளு? பேரச் சொல்லு. எனக்கு அந்த ஆளு வேணும்."

குவளையிலிருந்து தண்ணீர் சொட்டியது. லஹ்சன் அதை வாளிக்குள் அமிழ்த்தினான்.

"நான்தான்," என்றான் மிலூத்.

"நீயா? மத்தி வேகவெச்சவனா?"

"ஆமா. வேற வேலை இல்லையே, அதனால..."

"வேற வேலை இல்லையாம்!" துஹாமி சோப்புக் கையோடு அவன் தோளில் ஒன்று போட்டார். "இருபத்தாறு வருஷமா குளிப்பாட்டுறேன். வாசல்ல மூணு கார் நிக்கும், உள்ள முதுகுல என் கை நுழையுற அளவுக்குக் குழி இருக்கும். வாயத் தொறக்க முடியாது. குளிப்பாட்டுறவன் பாத்த குறைய வெளிய சொல்லக் கூடாது, அது மார்க்கம். ஆனா நல்லதப் பாத்தா சொல்லலாம். சொல்லலாம்னு இருக்கு, தெரியுமா? இன்னிக்கு நான் சொல்லப் போறேன். குழந்தை முதுகு மாதிரி இருக்குய்யா இது."

காலையிலிருந்து வராத கண்ணீர் மிலூத்துக்கு அப்போது வந்தது. தகப்பனாரின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்ததால் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அது பாட்டுக்கு வழிந்தது. லஹ்சன் அடுத்த குவளையை மெதுவாக ஊற்றினான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். கபர்க் குழிக்குள் கிழவரை வலப்பக்கமாக, தொழுகிற கிப்லாத் திசையைப் பார்க்கப் படுக்க வைத்தார்கள். மிலூத்தின் கண் தன்னையறியாமல் கைக்கடிகாரத்துக்குப் போனது. ஆறு மணிக்கு மறுபடி இடம். பிறகுதான் உறைத்தது, இதற்குமேல் திருப்ப வேண்டியதில்லை. பிடி மண்ணை எடுத்துப் போட்டபோது அவன் மனம் லேசாக இருந்தது.

வீடு திரும்புவதற்குள் துஹாமி சொன்னபடி எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் முதுகைப் பற்றியே கேட்டார்கள். எண்ணெய் தேய்த்தாயா, பஞ்சு வைத்தாயா, உண்மையிலேயே இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறையா? மீசை வைத்த வேலைக்காரி என்று சொன்னவனே வந்து, "எங்க மாமனாருக்கும் ஒரு யோசனை சொல்லேன்" என்று தலையைச் சொறிந்தான்.

மூன்றாம் நாள் தெருவுக்கே குஸ்குஸ் சாப்பாடு போட்டு அனுப்பிய பிறகு, ரகிய்யா அவனுடைய துணிகளை ஒரு பையில் அடுக்கினாள். அடுக்கினாள் என்று சொல்லக் கூடாது, திணித்தாள்.

"வாட்ச்மேனுக்கு எத்தன சட்டை வேணும்?"

"ரெண்டு போதும்."

"கேட்டை யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க, பத்திரமாப் பாத்துக்க," என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. போகாதே என்று சொன்னால், போகாமல் என்ன செய்வது என்று அவன் திருப்பிக் கேட்பான்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் துஹாமி ஓட்டமும் நடையுமாக வந்தார். கடலுக்கு இறங்குகிற தெருவில் பழைய தலைமையாசிரியர் உஸ்தாத் இத்ரீஸ், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு ஐந்து மாதமாகக் கிடக்கிறார், பிள்ளைகள் மூன்று பேரும் பிரான்சில், மனைவி ஒண்டியாகத் திண்டாடுகிறாள், ஒருதரம் வந்து எப்படித் திருப்புவது என்று காட்டிவிட்டுப் போ என்றார்.

லஹ்சன் முகத்தைச் சுளித்தான். "நம்ம அப்பாவுக்குச் செஞ்சது வேற. ஊரான் அழுக்கையெல்லாம் தொடைக்கணுமா?"

"போற வழிதானே அண்ணே. பத்து நிமிஷம்."

மாடியறையில் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. உஸ்தாத் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அறைக்குள் நுழைந்ததும் அடித்த வாடையிலேயே மிலூத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் மனைவி லல்லா கென்ஸா தலைமுக்காட்டைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"வலப்பக்கம் உடைஞ்சது, அந்தப் பக்கம் படுக்க முடியல. அதனால எப்பவும் இப்படியே, சுவத்தப் பாத்துட்டு. தொட்டாக் கத்துறார். ரெண்டு மாசமாப் பேச்சும் நின்னு போச்சு, தம்பி. என் மேல என்ன கோபமோ."

மிலூத் துணியை விலக்கிப் பார்த்தான். "இந்தப் புண்ண இன்னிக்கே டாக்டர் பாக்கணும், லல்லா. நாம செய்ய வேண்டியது, அதுமேல பாரம் விழாமப் பாத்துக்கறது. ரெண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் மல்லாத்தணும், அப்புறம் திரும்ப இடப்பக்கம். தலையணை எங்க வைக்கணும்னு காட்டுறேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் அறையை அளந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பெரிய ஜன்னல். மனிதரைத் திருப்ப முடியாவிட்டால் போகட்டும், கட்டிலைத் திருப்பலாமே? தலைமாட்டைக் கால்மாடாக்கினால் அதே இடப்பக்கம் ஜன்னலைப் பார்க்கும். கட்டில் கால்களுக்கடியில் ஈரத்துணியை மடித்துச் செருகினான். தொழிற்சாலையில் டின் வண்டிகளை இப்படித்தான் வழுக்கித் திருப்புவார்கள்.

"உஸ்தாத், கட்டிலத் திருப்பப் போறோம். உங்களத் தொடப் போறதில்ல. பிஸ்மில்லாஹ்."

கட்டில் முனகிக்கொண்டே அரை வட்டம் சுற்றி நின்றது. கிழவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. கண்ணைச் சுருக்கினார். வெளியே வெகுநேரம் பார்த்தார்.

"யாரு கட்டினது அத?" துருப்பிடித்த குரல். லல்லா கென்ஸா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எதிர்வீட்டு ஃபுவாத். மூணு மாசமாச்சு, மேல ஒரு மாடி எடுத்துட்டான்."

"கடல மறைச்சுட்டான், திருட்டுப்பய! நகராட்சியில அனுமதி வாங்கினானா? என் கண்ணாடி எங்க?"

அவள் இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்து முக்காட்டு முனையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியை விடக் கண்ணைத்தான் அதிகம் துடைத்தாள். மிலூத் குனிந்து கிழவரின் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகினான். கீழே ஹார்ன் அடித்தது, இரண்டு தரம்.

"யாரது, கழுதை?"

"எங்க அண்ணன், உஸ்தாத். என்னைக் கூட்டிட்டுப் போக நிக்கிறார்."

"எங்க?"

"காஸாபிளாங்காவுக்கு. வாட்ச்மேன் வேலைக்கு."

உஸ்தாத் கண்ணாடி வழியாக அவனை ஏற இறங்கப் பார்த்தார். எளிய கணக்கைத் தப்பாகப் போட்ட மாணவனைப் பார்க்கிற பார்வை.

"அப்ப ரெண்டு மணிநேரம் கழிச்சு என்ன யாரு திருப்புவா?"

மிலூத் லல்லா கென்ஸாவைப் பார்த்தான். "சம்பளம் என்னன்னு நீயே சொல்லு, தம்பி," என்றாள் அவள். "காலையில வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போயிடு. ராத்திரிக்கு நீ சொல்லிக் குடுத்தபடி நான் பாத்துக்கறேன்."

அவன் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினான். கீழே லஹ்சன் வண்டிக் கதவில் சாய்ந்து நின்றான்.

"அண்ணே, நீ கிளம்பு."

"என்னடா சொல்ற?"

"பைய மட்டும் எறக்கி வெச்சுட்டுப் போ."

லஹ்சன் அண்ணாந்து பார்த்தான். டிக்கியைத் திறந்து, பையை எடுத்து வாசற்படியில் வைத்தான். வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்தான். படியில் நல்ல வெயில். பையைத் தூக்கிச் சுவரோரம் நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, பிறகு போய் வண்டியை எடுத்தான்.