நீலத்துக்கு வந்த மாறுதல் உத்தரவு

ஜனவரி மூன்றாம் தேதி எங்கள் கல்லூரியில் இருந்த நீல நிறம் முழுவதையும் நிர்வாகவியல் துறைக்கு மாற்றினார்கள். அந்தத் துறைக்கு ஆய்வுக் குழு வரவிருப்பதால் அங்கே நீலம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றும், மற்றவர்கள் இருக்கிற நிறங்களை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. நான் ஓவியத் துறையில் பதினாறு வருடமாக வண்ணம் கற்றுக்கொடுக்கிறேன். உத்தரவை எங்கள் அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டினேன்.

மதியத்துக்குள் நீலம் போய்விட்டது. பச்சைக்குள் இருந்த நீலமும் கூடவே கிளம்பியதால் வேப்பமரங்கள் மஞ்சளாக நின்றன. வளாகம் முழுக்க வானம் சாம்பலாக இருந்தது. நிர்வாகவியல் கட்டடத்தின் மேல் மட்டும் ஒரு துண்டு நீலம். கேட்டுக்கு வெளியே, சாலையில், எல்லாம் வழக்கம்போல இருந்தன.

நான் பாடத்தை நிறுத்தவில்லை. டியூபிலிருந்து சாம்பலைப் பிதுக்கிக் காட்டி, இதுதான் கோபால்ட் நீலம், இது பிரஷ்யன் நீலம் என்று சொன்னேன். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

இறுதியாண்டில் இருபத்து மூன்று பேர். அவர்களில் ஜெனிட்டா கடற்கரை ஊர்க்காரி. புதுத் துறைமுகத்துக்காக அவள் வீட்டுக்கு முன்னால் இருந்த கடலைக் கல் கொட்டி மூடிவிட்டார்கள். எட்டடி கேன்வாஸில் அந்தக் கடலைத்தான் அவள் வரைந்துகொண்டிருந்தாள். கரை இல்லை, படகு இல்லை, தண்ணீர் மட்டும்.

“நீலம் திரும்பி வர்ற வரைக்கும் வேற ஏதாச்சும் பண்ணேன்மா” என்றேன்.

“எங்க ஊர்லயும் இப்பிடித்தான் சார் சொன்னாங்க” என்றாள். டியூபில் ஒட்டியிருந்த பெயர்களைப் படித்துப் படித்துக் கலந்தாள். மூன்று மாதம் சாம்பல்மேல் சாம்பலாகப் பூசினாள்.

ஏப்ரலில் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது, நீலப் பேனாவில் போட்ட கையெழுத்துகள் எதுவும் இல்லை. ஜெனிட்டா மூன்று வருடமும் நீலப் பேனாவில்தான் எழுதியவள். அவள் கல்லூரிக்கு ஒரு நாள்கூட வரவில்லை என்று ஆனது. தேர்வு எழுத முடியாது.

முதல்வர் வத்சலகுமாரியிடம் போனேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

“கையெழுத்து இருக்கா சார்?”

“நீலத்தை மாத்தினது நீங்கதானே மேடம்?”

“அது வேற ஃபைல்.”

காது மடல் கொதித்தது. நாற்காலியை விட்டு எழுந்து, பிறகு உட்கார்ந்தேன். எனக்கு அடுத்து ஆறு பேர் காத்திருந்தார்கள். முதல்வர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். இறுதியாண்டுப் படங்களை மதிப்பிடும் ஜூரிக்கு வரும் வெளித்தேர்வாளர் அந்தப் படத்தில் நீலம் இருக்கிறது என்று எழுதித் தரட்டும். அந்தப் பெண்ணிடம் நீலம் இருந்தது நிரூபணமானால், கையெழுத்தும் இருந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

நிர்வாகவியல் துறைத் தலைவர் பூபதிராஜிடம் ஒரு மணி நேரம் இடம் கேட்டேன். படத்தை அவர் கட்டடத்துக்குள் வைத்தால் போதும், கடல் தெரிந்துவிடும். அவர் அறையில் திரைச்சீலை நீலம், கோப்புகள் நீலம், தண்ணீர்க் கேனும் நீலம். அலமாரிக்குள் பிரிக்காத நீலம் பத்துப் பதினைந்து பெட்டி இருந்தது.

“எங்க நீலத்துல உங்க படத்தைப் பார்த்தா அது எங்க துறைப் படமாயிடுமே சார். நாளைக்கு நீங்களே சண்டைக்கு வருவீங்க” என்றார். பிறகு ஆறுதலாக, “உங்களுக்குத்தான் இன்னும் சிவப்பு இருக்கே” என்றார்.

நான் கதவைச் சாத்திய வேகத்தில் அவருடைய பெயர்ப்பலகை கீழே விழுந்தது. எடுத்து மாட்டிவிட்டு வந்தேன். அதை நினைத்து இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம்.

ஜூரி அன்று நானும் ஜெனிட்டாவும் கேன்வாஸைக் கேட்டுக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனோம். கேட்டைத் தாண்டியதும் கடல் வந்துவிட்டது. அவள் அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இடது பக்கம் ஆழம் பத்தல சார்” என்றாள். சாலையில் ஒரு டவுன் பஸ் நின்றது. கடலுக்குள் எப்படி ஓட்டுவது என்று டிரைவர் கேட்டார். காற்றில் படம் சாயாமல் நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

வெளித்தேர்வாளர் வயதானவர். செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் படத்துக்கு முன்னால் நின்றார். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டார். பிறகு அங்கேயே நின்று ஒரு பக்கம் முழுக்க எழுதி, மடித்து முதல்வருக்கு அனுப்பிவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போனார்.

முதல்வர் அறையில் தாளைப் பிரித்தபோது அது வெறுமையாக இருந்தது. வெளித்தேர்வாளர் நீலப் பேனாவில் எழுதியிருக்கிறார். படத்துக்குப் பின்னால் நின்ற நான் அதைக் கவனிக்கவில்லை.

“வெளியே வந்து படிங்க மேடம். நாற்பதடிதான்.”

“கேட்டைத் தாண்டினா நான் லீவ் போடணும். எனக்கு லீவ் மிச்சமில்ல.”

அதற்குப் பிறகு நான் பேசியது பக்கத்துக் கட்டடம்வரை கேட்டதாகச் சொன்னார்கள். மேஜைக் கண்ணாடியில் அடித்தேன். அது குறுக்கே விரிசல் விட்டது. முதல்வர் விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு தாளை நகர்த்தினார். ஜெனிட்டா தேர்ச்சி பெறவில்லை என்ற முடிவுத்தாள். மற்ற இருபத்திரண்டு பேரின் முடிவும் அதே தாளில் இருந்தது. நான் கையெழுத்துப் போடாவிட்டால் ஒருவருக்கும் முடிவு வராது. கறுப்புப் பேனாவை அவரே மூடி திறந்து கொடுத்தார்.

கேட்டில் ஜெனிட்டா படத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?”

“போட்டேன்மா.”

அவள் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டாள். “இதைக் கடல் இருந்த இடத்துலயே விரிச்சுப் போடப்போறேன். கல்லுக்கு மேல” என்றாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. சுருளின் முனையிலிருந்து தண்ணீர் சொட்டிய தடம் பஸ் நிறுத்தம்வரை போயிருந்தது.

மறுநாள் காலை என் வலது கை வேலைக்கு வரவில்லை. தலையணைமேல் ஐந்து விரல்களையும் இறுக மடக்கிக்கொண்டு தனியாகக் கிடந்தது. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. எட்டரை பஸ்ஸை விட்டால் முதல் வகுப்பு போய்விடும். இடது கையால் சட்டைப் பொத்தான்களைப் போட்டேன். அது பசித்தால் சாப்பிடட்டும் என்று இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து மூடிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.