பதினைந்து துளி

பதினைந்தா, இல்லை ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு புள்ளி இருந்து தாள் மடிப்பில் அழிந்துபோனதா... அருளப்பன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், புள்ளி இல்லை, பதினைந்தேதான், வேளைக்கு அபினி டிங்சர் பதினைந்து துளி, கீழே டாக்டரின் கையெழுத்து, காய்ச்சல் நடுக்கத்தில் சற்றுச் சரிந்திருந்தாலும் அவருடையதுதான். மருந்து கொடுக்கும் சன்னலுக்கு அந்தப் பக்கம் காமயகவுண்டன்பட்டி மொக்கம்மாள் நின்றாள், இடுப்பில் மூன்று வயதுப் பெண்பிள்ளை, இரண்டு நாள் வயிற்றோட்டத்தில் கண் உள்ளே போய்த் தலை தாயின் தோளில் துவண்டு கிடந்தது... இந்த உடம்புக்குள் பதினைந்து துளி போனால் பிள்ளை தூங்கும், பிறகு எழுந்திருக்காது, இதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, பதினோரு வருஷம் இந்தக் கண்ணாடி அளவைக் கையில் பிடித்தவன் அவன். "கம்பவுண்டரய்யா, சீக்கிரம் குடுங்க, பிள்ளைக்கு உசுரு நிக்கலய்யா" என்றாள் அவள். "பொறு ஆத்தா, இந்தா வந்துட்டேன்."

வேளைக்கு இரண்டு துளி போட்டால் முடிந்தது காரியம். யாருக்குத் தெரியப்போகிறது, மொக்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, டாக்டர் பின்கட்டு அறையில் கம்பளிக்குள் கிடக்கிறார், நேற்று மாலையிலிருந்து அவருக்கும் அணை வேலைக்காரர்கள் மலையிலிருந்து கொண்டுவரும் அதே குளிர்காய்ச்சல்... கை தானாகவே டிங்சர் புட்டிக்குப் போனது, மூடியைத் தொட்டது, நின்றது. கலக்கலாம், நிறுக்கலாம், வடிக்கலாம், புட்டியில் அளவுக் காகிதம் வெட்டி ஒட்டலாம், எப்படிக் குடிப்பது என்று சொல்லிக் கொடுக்கலாம், டாக்டர் எழுதியதை மட்டும் மாற்றக் கூடாது, கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும்... மதுரையில் இரண்டு வருஷம் படித்துப் பரீட்சை எழுதியபோது அவன் கைப்பட எழுதிய பதில் அது. அவன் ஊர் அனுமந்தன்பட்டியில் எல்லோரும் வேதக்கோயில் பூசையில் லத்தீனைக் காதால் கேட்டவர்கள், அதைப் புட்டிகளின் மேல் வாசிக்கிற ஒரே ஆள் அவன், பங்குச் சாமியார்கூட ஒருநாள் இங்கே வந்து வரிசையாக வாசித்துப் பார்த்துவிட்டு, அருளப்பா உன் லத்தீன் என் லத்தீனைவிடக் கசப்பாக இருக்கிறதே என்று சிரித்தார். இன்று இரண்டு துளி போட்டால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் சீட்டில் ஒன்று, புட்டிக்குள் வேறொன்று... நாளைக்கு இதே சீட்டைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் மருந்து கேட்டால்? அவன் மூடியிலிருந்து கையை எடுத்தான்.

பின்கட்டு ஏழெட்டு எட்டுதான், அந்த ஏழெட்டு எட்டுக்குள் எத்தனை யோசனை, காய்ச்சல்காரரை எழுப்பி உங்கள் கணக்குத் தப்பு என்று எப்படிச் சொல்வது, சம்பளத்துக்கு வேலை செய்கிற கம்பவுண்டர், அவர் பட்டம் பெற்றவர், முன்பு ஒருதரம் வேறு எதற்கோ சந்தேகம் கேட்டதற்கு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை... "அய்யா." கம்பளி அசைந்தது. "என்ன?" "மொக்கம்மா சீட்டு. டிங்சர் பதினஞ்சுன்னு இருக்குங்கய்யா." "என் கை உனக்குத் தெரியாதா? பதினஞ்சுன்னா பதினஞ்சுதான், போய்க் கலக்கு." போய்விடலாம், கேட்டாயிற்று, இனி அவர் பொறுப்பு... போகவில்லை. தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவனே நினைத்திருக்கவில்லை. "மருந்து அவளுக்கு இல்லீகய்யா. பிள்ளைக்கு. மூணு வயசு." கம்பளி விலகியது. பிறகு டாக்டர் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார், பற்கள் அடித்துக்கொண்டன. "இந்தச் சன்னலுக்கு வெளிய நின்னு வயித்துப்போக்குன்னு மட்டும் சொன்னா, பிள்ளைய நான் பாக்கல... அவளுக்குன்னுல்ல நெனச்சேன். பேனாவை எடு." பதினைந்தை அடித்தார், இரண்டு என்று எழுதினார், எண்ணாலும் எழுத்தாலும், அடித்த இடத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டார். சீட்டைக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தார். "நீயே குறைச்சுப் போட்டிருக்கலாமே." "அது எனக்கு உள்ள வேலை இல்லீகய்யா." டாக்டர் அவன் கையை ஒருதரம் தொட்டார், கொதித்தது அந்தக் கை.

ஒன்று, இரண்டு... வேளைக்கு இரண்டாகப் பன்னிரண்டு, துளி விழுகிற சத்தம் கேட்குமா என்ன, அவனுக்குக் கேட்டது. காகிதத்தை வெட்டி ஒட்டினான், ஆறு வேளைக்கு ஆறு கோடு, இன்றைக்குக் கோடுகள் அச்சடித்த மாதிரி விழுந்தன, முதல் வேளையை அவனே அளந்து ஊட்டினான். "இத்தன நேரமா மருந்தத் தேடுனீக? புதுசா வந்த கம்பவுண்டரா நீங்க?" என்று மொக்கம்மாள் சிடுசிடுத்தாள், அவன் சிரித்தான், பேசு ஆத்தா பேசு, உன்னிடம் சொல்ல முடியாது, வீட்டில் மனைவி இருதயம்மாளிடமும் சொல்ல முடியாது, சொன்னால் டாக்டர் பெயர் கெடும், ஆனால் நெஞ்சு நிறைந்து சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது, பட்டம் பெற்றவரின் கையைப் பிடித்து நிறுத்தியவன், எழுத்தும் கெடாமல் பிள்ளையும் கெடாமல்... மொக்கம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள், சற்று நேரத்தில் பிள்ளை அழுதது, பலவீனமான அழுகைதான், ஆனாலும் தண்ணி வேணும் என்று சொல்லத் தெரிந்த அழுகை.

அடுத்த சீட்டு உத்தமபாளையத்து ஷரீப் ராவுத்தருடையது, வெற்றிலைக் கொடிக்கால்காரர், காய்ச்சலுக்கான கொயினா மிக்சர், கண்ணை மூடிக்கொண்டு கலக்குகிற மருந்து, அளவும் சரி, கையெழுத்தும் சரி. பாதி ஊற்றியபின் அருளப்பனின் கை நின்றது. சீட்டில் அளவு இருக்கிறது, பெயர் இருக்கிறது, வயது எங்கே இருக்கிறது? மொக்கம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அதனால் தெரிந்தது, பிள்ளையை வீட்டில் போட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தால்... வேளைக்குப் பதினைந்து அழகான துளிகள், ஆறு அழகான கோடுகள். அவன் சன்னலுக்கு வெளியே குனிந்தான். "ராவுத்தரே, மருந்து யாருக்கு?" அவர் வியப்போடு பார்த்தார். "எனக்குத்தேன். வேற யாருக்கு? இத்தன வருசத்துல ஒருநாளும் கேட்டதில்லையே நீங்க." "ஆமா" என்றான் அருளப்பன், அளவுக் கண்ணாடி கையிலேயே இருந்தது, "கேட்டதில்ல..."