அளவு மட்டும் சரி

ஹெட்ஃபோன் வயரில் விழுந்திருந்த முடிச்சைத் தம்பி பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு இது அழகில்லைதான். ஆனால் வயர் இல்லாததைக் காதருகே கொண்டுபோனதுமே, கட்டிலில் கிடந்த அக்கா தலையை விலக்கிவிட்டாள்.

"ப்ளூடூத் வேணாம்டா பொடியா. அது சத்தத்த இன்னொரு தடவ சுருக்கும்."

இன்றையப் பொழுதைத் தாண்டினால் அதிசயம் என்று காலையில் டாக்டர் அவனை ஆஸ்பத்திரி அறை வாசலுக்கு அழைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தண்ணீரை விழுங்கக்கூட அக்காவின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. காது மட்டும் வேலைக்கு வந்திருந்தது.

அந்தக் காதுக்குத்தான் ஒரு ஆடியோ கம்பெனியில் முப்பது வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். ஒரே பாட்டை அசலாக ஒரு முறை, ஃபைல் அளவைச் சுருக்கி ஒரு முறை போடுவார்கள். எது எதென்று சொல்ல மாட்டார்கள். வாயைத் திறக்கக்கூடாது, பக்கத்து ஆளைக் கெடுத்துவிடும். அசல் என்றால் ஒரு விரல், சுருக்கியது என்றால் இரண்டு. மற்றவர்கள் பூவா தலையா போட்டுப் பார்க்கிற இடத்தில் அக்கா விரலைத் தூக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். ஆபீஸில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர்.

இப்போது அவள் கேட்டது அம்மாவின் குரலை. எப்போதோ ஆபீஸ் ரெக்கார்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து பதிந்தது. அம்மா போய்ப் பத்தொன்பது வருஷம். வேறு பதிவு கிடையாது. தம்பி முடிச்சை இன்னும் மெதுவாக அவிழ்த்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, தன் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, தன்னிடம் இருந்த அந்தப் பதிவின் பெரிய வேவ் ஃபைலை எம்பி த்ரீயாகச் சுருக்கிவிட்டு அசலை அழித்துவிட்டான். அக்காவின் பிரதி இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகிப்போய், அவள் அவனுடைய பிரதியைக் கேட்டபோதுதான் உறைத்தது. அவசர அவசரமாக எம்பி த்ரீயைத் திரும்ப வேவாக மாற்றினான். ஃபைல் ஊதிப்போய்ப் பழைய அளவுக்கே வந்து நின்றது. அப்பாடா என்று பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டான். சுருக்கும்போது எறிந்தது எறிந்ததுதான், ஊதினால் திரும்பாது என்று பிறகுதான் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

அக்காவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு ஹெட்ஃபோனையும் மாட்டிவிட்டு, பிளேயரைத் தட்டினான்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பட், பட் என்று உதறும் சத்தம். மூன்றாவது உதறலில், போர்வைமேல் இருந்த அக்காவின் கை அசைந்தது. இரண்டு விரல்.

"அக்கா..."

"உதறுறதுக்கு முன்னாடியே ஒரு சரசரப்பு வருது பாரு. சுருக்கினா அப்படித்தான். சத்தத்துக்கு முன்னால அதோட தூசி வந்துடும்."

அவனுக்குத் துணி உதறுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. கண்ணைத் திறக்கத் தெம்பில்லாதவள், நொடியில் நூறில் ஒரு பங்கைப் பிடித்து எடுக்கிறாள். பயப்பட மறந்து அவளையே பார்த்தான். உலகத்தில் இப்படி ஒரு காது இருந்திருக்கிறது. அதன் பக்கத்தில் வளர்ந்தும் தனக்கு விளங்கவில்லையே என்று இருந்தது.

"நான்தான் அழிச்சேன்க்கா. தெரியாம..."

"பென்டிரைவ் குடுத்த அன்னைக்கே தெரியும்டா."

"ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"அளவு சரியா வர்ற வரைக்கும் உக்காந்து பாடுபட்டிருக்க. அத என்னன்னு கேக்கறது?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீ முழுசா கேட்டிருக்கியா?"

இல்லை. இத்தனை வருஷமும் அளவைத்தான் பார்த்திருந்தான்.

"கேளு. பேசாத. டெஸ்ட் நடக்குது."

அம்மா தும்மினாள். காணாமல் போன ஒரு சட்டைப் பொத்தானைத் திட்டினாள். மறுபடி உதறினாள். ஒவ்வோர் உதறலுக்கும் முன்னால் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எத்தனையாவதோ ஒன்றில் கேட்டது. சத்தத்துக்கு ஒரு மயிரிழை முன்னால், மெல்லிய சரசரப்பு. கேட்டே விட்டது! அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினான். கை அவன் பிடித்தபடியே இருந்தது.

"போதும்டி," என்றாள் அம்மா. "அத அணைச்சுட்டு வா."

நாற்காலி நகர்ந்தது. அக்காவின் அந்தக் காலத்துக் காலடி, நாலு எட்டு, நெருங்கி வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

நர்ஸ் வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அவனிடம் திரும்பி ஏதோ சொன்னாள். ஹெட்ஃபோனைக் கழற்றாமல், கொஞ்சம் பொறுங்கள் என்று அவன் கை காட்டினான்.