கெண்டைக்காலுக்கு மட்டும்

சாராயக்கடைகளைச் சட்டப்படி திறந்துவிட்ட மறுவருஷம், ராயபுரத்தில் ஒரு சந்துக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. ஹார்பரில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டும் அருள்பிரகாசம் கோமணத்தை இறுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து எழுந்து பஸ்கி போடுவான். பெண்கள் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எண்ணிக்கொண்டு நிற்பார்கள்.

அவன் பெண்டாட்டி ஃப்ளோரன்ஸ், பதினோரு வருஷமாக அவன் வாந்தியை அள்ளிக் கொட்டியவள். "இன்னொரு சொட்டு வாயில பட்டுது, பொண்ண இட்டுகினு தண்டையார்பேட்டை அக்கா வூட்டுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன்" என்று மாதா படத்தைத் தொட்டுச் சொல்லியிருந்தாள்.

குத்துச்சண்டை சொல்லித்தரும் ரஷீது பாய்தான் வழி காட்டியவர். "வேல வுட்டு வர்றப்பதான் தொண்ட நமநமங்கும். அப்போ எரநூறு பஸ்கி, எரநூறு கயிறு தாண்டு நைனா. மூச்சு வாங்கறவனுக்கு சாராயம் எங்க ஞாபகம் வரும்?"

சும்மா சொல்லக்கூடாது, வேலை செய்தது. பத்தொன்பது நாள் கடைப் பக்கம் தலைவைக்கவில்லை. ஆனால் ஃப்ளோரன்ஸுக்குத்தான் குமட்டியது. உள்ளே கிடந்த பழைய சரக்கெல்லாம் வேர்வையாக வழிந்ததோ என்னவோ, எலி செத்த நாற்றம். ஈரக் கோமணத்தை அடுப்புக்கு நேரே காயப்போட்டான். பச்சை முட்டையை உறிஞ்சிவிட்டு மீசையில் ஒட்டியதை நக்கினான். வாந்திக்கு இது தேவலை என்று அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இருபதாம் நாள் அவனுக்குக் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. மூட்டை தூக்குகிறவர்கள் வலிக்குச் சாராயம் தேய்ப்பது ஹார்பர் வழக்கம். தோஸ்து பரசுராமன் கால் பாட்டில் சாராயத்தோடு வந்து நின்றான்.

"இன்னா அண்ணி மொறைக்கிற? குடிக்கவா குடுக்கறேன்? கெண்டக்காலுக்கு மட்டும். தேய்க்கலேன்னா நாளைக்கு எப்டி பஸ்கி போடுவான்?"

பஸ்கி நின்றால் அவன் கடைக்குப் போவான். பாட்டிலை அவன் கையில் கொடுக்கவும் பயம். அதனால் தானே தேய்த்துவிடுவதென்று முடிவு செய்தாள் ஃப்ளோரன்ஸ். என்ன சாமர்த்தியம்!

முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்தாள். அழுக்கு திரிதிரியாக உருண்டு விரலில் ஒட்டியது. திடீரென்று அவன் அவள் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். பதினோரு வருஷத்தில் செய்யாத காரியம். எதிர்வீட்டு வியாகுலம்மாள்கூட வெட்கப்பட்டுத் தலை குனிந்தாள். ஜன்னலை மட்டும் சாத்தவில்லை. ஃப்ளோரன்ஸுக்கும் ஒரு கணம் மனசு இளகியது.

அப்புறம் நாக்கு பட்டது. உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண். அழுக்கும் மயிரும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சப்பினான்.

"சீ! கலீஜ் நாயே!"

பாட்டிலைச் சாக்கடையில் எறிந்தாள். துணிகளைப் பெட்டியில் திணித்து, மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சந்து அதற்குள் கூடி வழக்கு பேசியது.

"நக்குனா குடிச்ச கணக்காடீ?" என்றாள் வியாகுலம்மாள்.

"கிளாஸ்ல ஊத்துனாதான் குடி" என்றான் பரசுராமன்.

அருள்பிரகாசம் கயிற்றை எடுத்தான். பிடித்துக்கொண்ட கெண்டைக்காலோடு தாண்டினான். தடுக்கி விழுந்தான், எழுந்தான். சளி உதட்டில் வழிய, தானே எண்ணினான். பெட்டியும் கையுமாக ஃப்ளோரன்ஸ் இருநூறு வரைக்கும் நின்றாள். முடிந்ததும் அவன் குழாயடிக்கு நொண்டிப் போய் வாயைக் கொப்பளித்தான்.

அவள் பெட்டியைப் படியில் வைத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள், சாம்பல் போட்டுக் கழுவினாள், முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள்.

"சோத்த நீயே போட்டுக்க. இந்தக் கையால இன்னிக்கி நானே துன்ன மாட்டேன்."