ஸ்தனிமிராவின் இதர வருமானம்

மாதக் கடைசிக்குள் ‘இதர வருமானம்’ காட்டாவிட்டால் வங்கிக் கிளைக்குப் பூட்டு. டான்யூப் கரையோரம் அந்தச் சின்ன ஊருக்குக் கிளையின் ஒரே ஊழியராக மாற்றலாகி வந்த ஸ்தனிமிராவுக்குப் புருஷனில்லை, பிள்ளையில்லை. பென்ஷன் வாங்க வரும் கிழங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று முழங்கால் வலியைச் சொல்லிப் போவார்களே, அவ்வளவுதான் அவள் காதில் விழும் மனிதக் குரல். கிளை போனால் அதுவும் போச்சு.

சோஃபியாவிலிருந்து வட்டார இயக்குநர் க்ராசிமிர் போனில் உபதேசித்தார்.

“வாங்குற வட்டிக்கும் குடுக்குற வட்டிக்கும் நடுவுல மிஞ்சுறது நூலாட்டம் ஆயிடுச்சும்மா. அதை மட்டும் நம்புனா ஆபத்து. காப்பீடு விக்கணும், கட்டணம் வாங்கணும், நாலு வழியில சம்பாதிக்கணும். உங்க படம் போட்டு விளம்பரம் அனுப்பியிருக்கேன். அச்செடுத்து ஊரெல்லாம் ஒட்டுங்க.”

தங்கக் கரை போட்ட விளம்பரம். கிளைக்கோ, சிக்கனத்தை முன்னிட்டு, கலர் மை நின்று வருஷமாகிறது.

“சார், கறுப்புக் கரையோட வருது. நடுவுல என் மூஞ்சி. செத்தவங்களுக்குத்தானே நாம இப்படி ஒட்டுவோம்?”

“வடிவமைப்புக்கு எவ்ளோ கொட்டியிருக்கோம் தெரியுமா? ஒட்டுங்கம்மா.”

பஸ் நிறுத்தத்தில், ரொட்டிக் கடையில் எல்லாம் ஒட்டினாள். அதன்பின் ஒரு ஈ காக்கை வரவில்லை. பென்ஷன் நாளன்றுகூடத் தலை வாரிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் பெஞ்சோ கிழவர் வந்தார், வாசற்படியில் வைக்க இரண்டு கார்னேஷன் பூக்களோடு. அந்த ஊர்ப் பக்கம் இரட்டைப்படையில் பூ என்றால் அது பிணத்துக்குத்தான். கண்ணாடி வழியே அவளைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அடிப்பாவி, உசுரோடயா இருக்கே?”

“ஏன் மாமா, இருக்கக் கூடாதா?”

“சாவுச் சீட்டையும் ஒட்டிப்புட்டு கேள்வியப் பாரு! வெளியூர்க்காரி, பொணத்த சொந்தக்காரங்க கொண்டுபோயிருப்பாங்கன்னு பாதிரியார் சொன்னார். நீயே போயிட்டே, பணத்த யாரை நம்பி விடறது? ஊரே பஸ் ஏறி டவுன் கிளையில கணக்க முடிச்சு, அங்கயே வேற வங்கியில போட்டாச்சு. முடிக்கறதுக்கும் கட்டணமாம், உன் கிளைக் கணக்குன்னு உன் கிளை பேர்லயே பிடிச்சுக்கிட்டாங்க, படுபாவிங்க!”

“திரும்பி வரலாமே மாமா?”

“இன்னொரு கட்டணமா? போடி!”

ஒரு பூவை அவளிடம் நீட்டிவிட்டு, மற்றதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்.

மாதக் கடைசியில் க்ராசிமிர் போனில் கூவினார். “கட்டண வருமானத்துல வட்டாரத்துலயே நீங்கதாம்மா முதல்! கிளைய மூடல. அப்படி என்ன வித்தீங்க?”

“ஒண்ணும் விக்கல சார். செத்துப்போனேன்.”

“பிரமாதம்! மத்த கிளைங்களுக்கும் சொல்லிடறேன்.”

மறுநாள் காலை கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எதிரே, புது வங்கி இருக்கும் டவுனுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கிழங்கள் ஒருவரையொருவர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்தவர்கள் அவளைப் பார்த்து அன்போடு கையசைத்தார்கள்.