பாண்காரக் ககான்

குண்டசாலையில் கறுப்பையா மாஸ்டர் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் இரண்டு பொருள்களை வேறு யாரும் தொடுவதில்லை. ஒன்று அவருடைய வரலாற்றுக் குறிப்புப் புத்தகம். மற்றது அவருடைய அப்பாவின் உருமால்.

உருமால் என்பது நான்கு முழ வெள்ளைத் துணிதான். ஆனால் அப்பா கலஹாத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கண்மூடியபோது, பதினாறாம் நாள் காரியத்தில் தாய்மாமன் அதைத்தான் மூத்த மகனின் தலையில் கட்டினார். மாமா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்த கைக்காரர். காதுக்கு மேலே நரம்பு புடைக்கும்படி இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "எத்தன வருஷத்துக்குடா இந்தக் குடும்பத்தத் தலையில சொமப்ப?" என்று கேட்டார். வலி தாங்காமல், முப்பத்திரண்டு வயதுக் கறுப்பையா வாயில் வந்ததைச் சொன்னார்: "நாப்பது."

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ அவருடைய வாக்கு இல்லாமல் நடந்ததில்லை. நல்ல காரியம் என்றால் அந்த உருமாலைக் கட்டிக்கொண்டு அவர்தான் தட்டு மாற்றுவார். முதுகு வளையாது. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தவர்கள் இல்லை.

இப்போது தம்பி கணேஸின் மகள் சர்மிளாவுக்குப் பரிசம். சர்மிளா பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி. மாப்பிள்ளை நிரோஷன் கலஹாத் தபாற் கந்தோரில் வேலை. பையனைப் பற்றி மாஸ்டருக்கு ஒரு குறையும் இல்லை. குறை தம்பியைப் பற்றித்தான்.

கணேஸ் தெல்தோட்டைப் பக்கம் ஆட்டோவில் பேக்கரி ரொட்டியான பாண் விற்கிறான். அப்பா போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. மாஸ்டர்தான் மகன்போல வளர்த்தார். தன்னைப்போல ஓர் ஆசிரியனாக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கணக்குப் பாடம் மூன்று முறை அவனைக் கவிழ்த்தது. அதைக்கூட அவர் மன்னித்திருப்பார். ஆனால் அவருடைய பிரியாவிடை விழாவுக்கு அவன் அந்த ஆட்டோவிலேயே வந்து மண்டப வாசலில் நிறுத்தியதையும், அதிபர் பேசிக்கொண்டிருக்கும்போது பாண் வந்ததை ஊருக்கு அறிவிக்கும் அதன் ஒலிபெருக்கி தானாகப் பாட ஆரம்பித்ததையும் அவர் மறக்கவில்லை. பின்வரிசையில் இரண்டு ஆசிரியைகள் எழுந்துபோய் மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்தார்கள்.

அதனால் இரண்டு மாதத்துக்கு முன்பு, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அவர் வாக்குச் சொன்னார்: பரிசத்துக்கு முன்னால் அந்த ஆட்டோவை விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் தட்டில் தன் கை படாது. அவர் கை படாமல் அந்தக் குடும்பத்தில் தட்டு மாறாது. எல்லாருக்கும் அது தெரியும்.

புதன்கிழமை கணேஸ் போன் பண்ணினான். வித்தாச்சுண்ணே என்றான். மாஸ்டர் சரி என்றார். ஞாயிறு பரிசம். குடும்பத் தலைவர் முதல்நாளே தம்பி வீட்டுக்குப் போய் ஏற்பாடுகளைப் பார்ப்பதுதான் முறை என்று சனிக்கிழமை காலையில் புறப்பட்டார். மனைவி பாப்பம்மா மறுநாள் காலையில் சீலைகளோடு வருவதாக ஏற்பாடு. பையில் உருமால், மாற்றுச் சட்டை, நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகம் ஒன்று.

புத்தகம் கசர்களைப் பற்றியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தில் அடுத்த மாதம் அவருடைய முறை. கண்டியில் யாரும் பேசியிருக்காத ஒன்றைப் பேச வேண்டும் என்று தேடி எடுத்திருந்தார். ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் கஸ்பியன் கடலுக்கும் கருங்கடலுக்கும் நடுவே ஆண்ட துருக்கியக் குதிரைக்காரர்கள். ஒரு பக்கம் கிறிஸ்தவப் பேரரசு, ஒரு பக்கம் இஸ்லாமியப் பேரரசு. இரண்டுக்கும் தலை வணங்காமல் அவர்களுடைய அரச குடும்பம் யூத மதத்தைத் தழுவியது. அந்த நிமிர்வு மாஸ்டருக்கு மிகவும் பிடித்திருந்தது.

முந்தின வாரம், பாப்பம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அதை வாசித்துக் காட்டினார். கசர்களுக்கு இரண்டு ராஜா. ககான் பெரியவர், அவர் முன்னால் எல்லாரும் விழுந்து கும்பிடுவார்கள், ஆனால் அவர் வெளியே வருவதே அபூர்வம். பெக் என்றொருவர்தான் படை நடத்துவார், வரி வாங்குவார், வழக்குத் தீர்ப்பார். புதிய ககானைப் பதவியில் வைக்கும்போது பட்டுக்கயிற்றால் கழுத்தை நெரித்து, மூச்சு முட்டும் நேரத்தில், எத்தனை வருடம் ஆள்வாய் என்று கேட்பார்களாம். சொன்ன வருடம் தாண்டினால் கொன்றுவிடுவார்கள். இன்னொரு பயணி எழுதியபடி, எல்லை நாற்பது வருடம். ஒருநாள் கூடினாலும் புத்தி மழுங்கிவிட்டது என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

பாப்பம்மா கத்தியை நிறுத்தாமல், "அப்ப ஒருத்தரு சும்மா குந்தியிருப்பாரு, வேலையெல்லாம் பாக்குறது வேற ஆளு. நம்ம வீடு மாதிரி" என்றாள்.

மாஸ்டர் அதைக் காதில் விழாததுபோல இருந்துவிட்டார். ஆனால் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். அப்பா போனது பங்குனியில். இது வைகாசி. நாற்பது முடிந்து இரண்டு மாதம்.

பேராதனை தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கத்தில் கண் நின்றது. ககான் இறந்தால் அடுத்த இடத்துக்கு இவனைவிடத் தகுந்தவன் இல்லை என்று ஊரே சொல்லிய ஓர் இளைஞன் கடைவீதியில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தானாம். அவன் முஸ்லிமாகிவிட்டதால் மட்டும்தான் பதவி கிடைக்கவில்லையாம். மாஸ்டர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

கலஹா தாண்டி ஒரு வளைவில் பஸ் நின்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று. யாரும் ஹோன் அடிக்கவில்லை. கண்டக்டர் இறங்கி முன்னால் போனார். டிரைவர் ஜன்னல் வழியாக இரண்டு றாத்தல் பாண் என்று கத்தினார். அப்போதுதான் அந்தப் பாட்டு மாஸ்டரின் காதில் விழுந்தது. பிரியாவிடை விழாவில் கேட்ட அதே பாட்டு.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

விற்றாகிவிட்ட ஆட்டோ பாதையை அடைத்து நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் பாணும் பணிஸும். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். கணேஸ் ஒரு கிழவருக்குப் பாணோடு மருந்துப் பொட்டலத்தையும் கொடுத்து, வெள்ளை மாத்திரை காலையில் மட்டும் என்று இரண்டு தரம் சொன்னான். பைப்புத் தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்த இரண்டு பெண்களிடம், ஏழு மணிவரை மேல் லயம், பிறகு கீழ் லயம் என்றான். இருவரும் முணுமுணுத்தார்கள், ஆனால் போனார்கள். வாத்தியாராக முப்பத்தைந்து வருடம் வகுப்பை அடக்கிய மாஸ்டருக்கு, குரலை உயர்த்தாமல் ஒருவன் அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

"நாளைக்குப் பெரியவரு வாறாரா?" என்று கிழவர் கேட்டார்.

"அண்ணன் இல்லாம என்னா பரிசம்?" என்று திரும்பிய கணேஸ், அண்ணனைப் பார்த்தான். அவன் கை தானாகப் போய்ப் பாட்டை நிறுத்தியது. கூட்டம் விலகியது. பஸ்ஸும் ஒதுங்கிப் போய்விட்டது.

"வித்தாச்சுன்னு சொன்ன."

"சொன்னேண்ணே."

"யாருக்கு வித்த?"

கணேஸ் தரையைப் பார்த்தான். "ஷப்ராஸ் கராஜுல நாளைக்கு ஒரு நா மறைச்சு வைக்கலாம்னு இருந்தேன்."

"அப்ப என் வாக்கு?"

"அது நிக்கணும்னுதாண்ணே பொய் சொன்னேன். நீங்க சொன்னத மாத்தமாட்டீங்க. எங்களுக்கும் உங்கள எதுத்துப் பேச வராது." கொஞ்சம் நிறுத்தி, "சர்மிளா டீச்சராகணும்னீங்க. அதுக்குப் பேரு குடுக்குற தேதி முடிஞ்சிருச்சுன்னு சொன்னோம். தேதி முடியல. அவளுக்கு ஆஸ்பத்திரி வேலதான் ஆச. அண்ணிக்கும் தெரியும்" என்றான்.

மாஸ்டருக்குப் பாப்பம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. சும்மா குந்தியிருக்கிற ராஜா. பயற்றங்காய் நறுக்கிய கத்தி நிற்காததற்குக் காரணம் இப்போது விளங்கியது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. நாற்பது வருடமாக இத்தனை பேர் தன் வாக்கை உடையாமல் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி வந்திருக்கிறார்கள். பயந்தவர்கள் அவ்வளவு காலம் சுமக்கமாட்டார்கள்.

"தள்ளி உக்காரு" என்றார்.

ஆட்டோவில் பின்சீட் இல்லை. அது இருந்த இடத்தில்தான் பாண் பெட்டி. டிரைவர் சீட்டின் ஓரத்தில், பையை மடியில் வைத்து, அப்போதும் நிமிர்ந்தே உட்கார்ந்தார். இரண்டு வளைவு கடந்த பிறகு, கசர்களுடைய கதையைச் சொன்னார். தனக்கு நாற்பது முடிந்ததையும் சொன்னார்.

"ஒரு நா கூடினாலும் கொன்னுருவாங்களாண்ணே?"

"ஒரு நா."

கணேஸ் கியரை மாற்றினான். "நாளைக்கு ஆளுங்க வருது. பரிசம் முடியட்டும், பெறகு பாத்துக்கலாம்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். தம்பி அவருடைய பல்லைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் ஆட்டோ ஷப்ராஸ் கராஜுக்குப் போகவில்லை. கழுவித் துடைத்து வாசலிலேயே நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாருடையது என்று விசாரித்தார்.

"என் தம்பியோடது. பாண் விக்கிறாரு" என்றார் மாஸ்டர், விழாவில் பேசும் குரலில். "இந்த ரோட்டுல பஸ்ஸும் அவருக்கு நின்னுதான் போகும். ஆட்டோவ விக்கச் சொன்னது நான். என் தப்பு."

உருமாலைப் பையிலிருந்து எடுத்தார். எல்லாரும் அவர் கட்டிக்கொள்வார் என்று பார்த்திருக்க, தம்பியை அருகே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, அவன் தலையைச் சுற்றினார். கணேஸ் வேண்டாம் என்று எழப் பார்த்தான். தோளில் விழுந்த கை அவனை உட்கார வைத்தது. மாஸ்டர் மாமாவைப்போலவே இழுத்து முடிச்சுப் போட்டார்.

"எத்தன வருஷத்துக்குடா சொமப்ப?"

கணேஸின் கண்ணில் நீர் முட்டியது. முடிச்சின் இறுக்கமாகவும் இருக்கலாம். அவன் வாயைத் திறந்தான்.

தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த பாப்பம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "தம்பி, கணக்கு மட்டும் சொல்லிறாதீங்க."